கவிழ்த்து வைத்த லேப்டாப்கள்

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பள்ளிக்கூடத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. பிள்ளைகளுக்கு லேப் அக்கா, எங்களுக்கும் லேப் அக்கா. வானூர்ப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து, எட்டாவது படிக்கிற தன் மகளோடு பாண்டிச்சேரி பஸ்ஸில் வந்து திண்டிவனத்தில் இறங்குவார். நான் விழுப்புரத்திலிருந்து வருவேன். பஸ் நிலையத்துக்கு வெளியே மூன்று பேரும் ஒரே ஷேர் ஆட்டோவில் ஏறிப் பள்ளிக்கூடம் போவோம். அது ஒரு தனியார் பள்ளி. நான் அங்கே பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இயற்பியல் எடுத்தேன். அவர் கம்ப்யூட்டர் லேபைத் திறப்பது, பெருக்குவது, பூட்டுவது, ஒயர் மாட்டுவது எல்லாம் பார்த்துக்கொண்டார்.

ஒரு ஜூன் மாதம், ஒன்பதாம் வகுப்புக்கு மேல் படிக்கிற எல்லாரும் சொந்த லேப்டாப் கொண்டுவர வேண்டும் என்று வீடுகளுக்குச் சர்க்குலர் போனது. பிறகு லேபில் இருந்த பழைய கம்ப்யூட்டர்களை எடுத்து ஸ்டோர் ரூமில் அடுக்கிவிட்டார்கள். வகுப்பறைகளில் பிளக் பாயின்ட் கிடையாது. பிள்ளைகளின் லேப்டாப் பாதி, மதியத்துக்குள் அணைந்துவிடும். அதனால் காலியான லேப் சார்ஜிங் ரூம் ஆனது. சுவரோரம் இரும்பு ரேக், ரேக்குக்குப் பின்னால் வரிசையாக ஸ்விட்ச் போர்டு. விளையாட்டுப் பீரியடுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் போகிறவர்கள் லேப்டாப்பை அங்கே கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொண்டு போக வேண்டும். கோயிலில் செருப்பு விடுகிற இடத்தில் தருவார்களே, அதே மாதிரி அலுமினிய டோக்கன். லேப் அக்கா அந்த ரூமுக்குப் பொறுப்பு.

நான் முதன்முதலாக அங்கே போனபோது, எல்லா லேப்டாப்பும் மூடி கீழே இருக்கிற மாதிரி கவிழ்ந்து கிடந்தன. ரேக் முழுக்கப் பழைய பெட்ஷீட்டைக் கிழித்து விரித்திருந்தார். ஏன் என்று கேட்டேன்.

"மேல தூசி படும் மிஸ்," என்றார்.

கம்ப்யூட்டர் சார், மூடியில் கீறல் விழும், நேராக வையுங்கள் என்று இரண்டு முறை சொன்னார். சரிங்க சார் என்றார். மறுநாளும் எல்லாம் கவிழ்ந்தே இருந்தன.

காரணம் எனக்குத் தெரிய ஒரு மாதம் ஆனது. அனந்தபுரத்திலிருந்து பள்ளி வேனில் வருகிற ஒரு பையன் கொண்டுவந்தது அவன் அக்காவுக்கு அரசுப் பள்ளியில் இலவசமாகக் கொடுத்த லேப்டாப். மூடியில் பெரிதாக அரசு முத்திரை இருக்கும். மற்றவர்கள் அவனை 'சர்க்காரு' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அவன் மூடியின் மேல் கிரிக்கெட் ஸ்டிக்கர் ஒட்டிப் பார்த்தான். ஓரம் பிய்ந்து முத்திரை எட்டிப் பார்த்தது. லேப் அக்கா அதைக் கவிழ்த்து வைத்தார். ஒன்று மட்டும் கவிழ்ந்திருந்தால் எது என்று தெரிந்துவிடும். அதனால் எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டார். டோக்கனை வாங்கிக்கொண்டு, துணியோடு சேர்த்து எடுத்து அவன் பையிலேயே போட்டுவிடுவார்.

அவர் அப்படித்தான். அடுத்தவர்களின் குறை கண்ணில் பட்டால் முகம் மாறாது. கை மட்டும் போய் அதை மூடிவிடும். பிறகு அதைப் பற்றிப் பேச்சே வராது.

என்னுடைய வகுப்பில் ஒருநாள் செமினார். ஒரு மாணவன் தன் லேப்டாப்பைப் புரொஜெக்டரில் மாட்டி ஒளிச்சிதறல் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். ஒயர் சரியாகப் பிடிக்காததால் லேப் அக்கா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். திரையின் மூலையில் அவன் அம்மா அனுப்பிய மெசேஜ் ஒன்று வந்து விழுந்தது. அப்பா குடித்துவிட்டு வந்திருக்கிறார், சாயந்தரம் வீட்டுக்கு வராதே, அத்தை வீட்டுக்குப் போ. அவ்வளவுதான். நான் படித்து முடிப்பதற்குள் திரை இருண்டது. அவர் ஒயரைப் பிடுங்கிவிட்டிருந்தார்.

"கரண்ட் போயிடுச்சு மிஸ்," என்றார்.

தலைக்கு மேல் ஐந்து மின்விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன. நாற்பது பிள்ளைகள் அண்ணாந்து அவற்றைப் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. முதல் வரிசைப் பெண் ஒருத்தி, "ஆமா மிஸ், போயிடுச்சு," என்றாள். நான் கரும்பலகையில் பாடம் எடுத்தேன். அந்தப் பையன் தன் இடத்தில் போய் உட்கார்ந்து நோட்டைத் திறந்துகொண்டான்.

என்னையும் அவர் பலமுறை மூடியிருக்கிறார். வீட்டில் என் கணவருக்கு வேலை இல்லாத காலம் அது. காலையில் சண்டை போட்டுவிட்டு, கண் வீங்கி பஸ் ஏறிய நாட்கள் உண்டு. அப்படிப்பட்ட நாட்களில் ஆட்டோவில் ஒன்றும் கேட்கமாட்டார். ஆனால் ஆபீசில் இருக்கிற வருகைப் பதிவேடு எப்படியோ சார்ஜிங் ரூமுக்கு வந்திருக்கும். நான் அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டு, முகம் கழுவி வகுப்புக்குப் போய்விடலாம். நன்றி சொன்னால் பிடிக்காது.

"பாத்தாதான் மிஸ் பேஜாரு. யாரு பாத்தா?" என்பார்.

அது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. என்னைப் பற்றி இவருக்கு எவ்வளவு தெரியும் என்று யோசிப்பேன். அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மகளின் விண்ணப்பத்தில் அப்பா கையெழுத்து வேண்டும் என்று ஆபீசில் கேட்டால், "அவரு வெளியூருல இருக்கறாருங்க," என்பார். நான் பழகிய நாலு வருடமும் அவர் கணவர் வெளியூரில்தான் இருந்தார். அந்த வெளியூர் எது என்று நான் கேட்டதில்லை.

ஆட்டோவில் மகள் நடுவில் உட்காருவாள். தலையை நிமிர்த்தாமல் ஏதாவது படித்துக்கொண்டே வருவாள். ஊழியர்களின் பிள்ளைகளுக்கு அந்தப் பள்ளியில் சலுகை உண்டு. அந்தச் சலுகையில்தான் அவள் படித்தாள். அடுத்த வருடம் ஒன்பதாவது போனால் அவளும் லேப்டாப் கொண்டுவர வேண்டும். அதைப் பற்றி ஒருநாள் கேட்டேன்.

"பாத்துக்கலாம் மிஸ், இன்னும் நாளு இருக்குது," என்றார். மகள் புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்து அம்மாவை ஒருமுறை பார்த்தாள். பிறகு மறுபடி படித்தாள்.

இனி அந்த நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் அரசுப் பள்ளி ஆசிரியர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். பயிற்சி மையத்தில் ஆன்லைனில் மாதிரித் தேர்வு வைப்பார்கள். அது மதிய நேரத்தில் வரும். ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து எழுத முடியாது. வேறு வேலைக்குப் படிக்கிறவர்களைப் பள்ளியில் வைத்திருக்க மாட்டார்கள். அந்த வருடமே அப்படி ஒருவரை அனுப்பியிருந்தார்கள். சார்ஜிங் ரூமுக்குள் வேறு யாரும் போகக்கூடாது, சாவியை யாரிடமும் கொடுக்கக்கூடாது என்பதும் விதி.

நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"இங்க உக்காந்து எழுதுங்க மிஸ். நான் சாப்ட போறேன். உள்ளாற தாப்பா போட்டுக்குங்க. பெல்லு அடிச்சா பூட்டிட்டுப் போங்க, சாவி எங்கிட்ட குடுத்துடுங்க."

நாலைந்து முறை அப்படி எழுதினேன். அன்றைக்கும் எழுதினேன். கடைசிக் கேள்விகளில் இருந்தபோது பெல் அடித்தது. அடுத்தது எனக்கு வகுப்பு. தாமதமாகப் போனால் பிரின்சிபால் வராந்தாவில் நிற்பார். என் லேப்டாப்பை மூடிக் கையில் எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு ஓடினேன். பூட்டு கொண்டியில் சும்மா தொங்கியது. சாவி உள்ளே மேசை மேல் கிடந்தது. மாடிப்படியில் ஏறும்போதே இரண்டும் எனக்கு ஞாபகம் வந்தன. அவர் வருகிற நேரம்தான், பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

அவர் வர ஐந்து நிமிடம் ஆனது. பிள்ளைகள் டோக்கனோடு வரிசையில் நின்றார்கள். எல்லாருக்கும் கொடுத்த பிறகு ஒரு டோக்கனுக்கு லேப்டாப் இல்லை. அது ப்ளஸ் ஒன் படிக்கிற ஒரு பெண்ணுடையது. ஒரு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வியாபாரியின் மகள். புது லேப்டாப், அந்த வகுப்பிலேயே விலை கூடியது. அவள் டோக்கனை நீட்டியபடி அழுதுகொண்டு நின்றாள் என்று பிறகு சொன்னார்கள்.

சாயந்தரம் வரை எல்லா வகுப்பிலும் பைகளைக் கொட்டிப் பார்த்தார்கள். கேமரா இருந்தது, அது மாடிப்படியைப் பார்த்து மாட்டியிருந்தது. அந்தப் பெண்ணின் அப்பா வந்தார். சத்தம் போடுகிற ஆள் இல்லை. வெள்ளைச் சட்டையோடு கரெஸ்பாண்டன்ட் அறையில் உட்கார்ந்து, "எம் பொண்ணு பொருளு எங்க சார்?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். அந்தப் பெண்ணுக்கு நான்தான் வகுப்பாசிரியர். அதனால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். லேப் அக்கா மேசைக்கு முன்னால் நின்றார். நான் பக்கத்தில் நின்றேன்.

"ரூமைப் பூட்டினியாம்மா?" என்று கரெஸ்பாண்டன்ட் கேட்டார்.

"இல்லைங்க சார். மறந்துட்டேன்."

"சாவி?"

"உள்ளாறயே வெச்சிட்டுப் போயிட்டேன் சார்."

"வேற யாராவது உள்ள இருந்தாங்களா?"

"யாரும் இல்லைங்க சார்."

 மேசையில் இருந்த பேனா ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் மூன்று பேனா இருந்தன, ஒன்றுக்கு மூடி இல்லை. வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். குரல் வரவில்லை என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் வரவிடவில்லை. வந்திருந்தால் அன்றைக்கே என் வேலை போயிருக்கும். வீட்டில் வருமானம் அது ஒன்றுதான்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. அதுவும் நான் இப்போது சொல்லிக்கொள்வதுதான்.

அன்று மூன்று பேரும் அதே ஆட்டோவில்தான் பஸ் நிலையத்துக்கு வந்தோம். மகள் நடுவில் இருந்தாள். வானம் கறுத்திருந்தது.

"நாளைக்கும் மழை இருக்கும் போல மிஸ், கொடை எடுத்துக்கினு வாங்க," என்றார்.

"சரிக்கா," என்றேன்.

அந்தப் பள்ளிக்கூடத்து நாலு வருடப் பழக்கத்தில் நாங்கள் கடைசியாகப் பேசிக்கொண்டது அதுதான். மறுநாள் மழை பெய்தது. நான் குடையோடு போனேன். அவரை வர வேண்டாம் என்று ராத்திரியே போனில் சொல்லிவிட்டிருந்தார்கள்.

பள்ளிப் பெயர் கெடும் என்று போலீசுக்குப் போகவில்லை. பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில், எடுத்ததே அந்த அம்மாவாகத்தான் இருக்கும் என்று ஒருவர் எழுதினார். அதற்குக் கீழே கட்டை விரல் படங்கள் வரிசையாக வந்தன. வகுப்பாசிரியர் என்பதால் நானும் அந்தக் குழுவில் இருந்தேன். படித்தேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு இட்லி மாவு கரைத்தேன். அந்த வாரமே அவர் மகளுக்கு டி.சி. கொடுத்துவிட்டார்கள். அரையாண்டுத் தேர்வுக்கு இரண்டு வாரம் இருந்தது. சார்ஜிங் ரூமுக்குப் புதிதாக ஒரு அம்மா வந்தார். லேப்டாப்கள் நேராக அடுக்கப்பட்டன. அனந்தபுரத்துப் பையன் அதன் பிறகு அங்கே லேப்டாப் வைக்கவில்லை. சாப்பிடும்போதும் மடியிலேயே வைத்துக்கொண்டான்.

எனக்கு என்ன தோன்றியது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது. தொட்டால் கன்னம் இருப்பது தெரியும், வலி தெரியாது. வகுப்புக்குப் போனேன், பாடம் எடுத்தேன், பஸ்ஸில் தூங்கினேன். மாதிரித் தேர்வுகளை வீட்டில் இருந்து எழுதினேன். அந்தப் பெண்ணுக்கு அவள் அப்பா வேறு லேப்டாப் வாங்கிக் கொடுத்தார். அவள் நன்றாகப் படித்தாள். என் முகத்தை மட்டும் நேராகப் பார்க்க மாட்டாள். பொருளைத் தொலைத்த வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வருடம் கழித்து நான் தேர்வில் தேறினேன். விழுப்புரம் பக்கத்திலேயே ஒரு அரசுப் பள்ளியில் வேலை. ஆர்டரை வாங்கிப் பீரோவில் வைத்த பிறகுதான் அவரைத் தேடிப் போனேன். முதலில் ஆர்டர், பிறகு அவர். இந்த வரிசையை மாற்றி எழுத முடியாது.

வானூரில் தாலுகா ஆபீஸ் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறார் என்று கம்ப்யூட்டர் சார் சொல்லியிருந்தார். பட்டா, சாதிச் சான்றிதழ், முதியோர் பென்ஷன் என்று மனுக்களோடு ஆட்கள் நின்ற கடை. அவர் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று தாள்களை எடுத்து வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். முடி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் வழக்கம் போலத் தலையசைத்தார்.

"வாங்க மிஸ். கவர்மென்ட் வேலை கெடச்சிடுச்சுங்களா?"

நான் இன்னும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. "எப்படிக்கா தெரியும்?" என்றேன்.

"இவ்ளோ நாளு வரல. இப்ப வந்திருக்கறீங்க." குத்தலாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னார். "நல்லது மிஸ். கஷ்டப்பட்டுப் படிச்சீங்க."

ஸ்டூலை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. பஸ்ஸில் வரும்போது மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போனது நான் என்று கரெஸ்பாண்டன்ட்டிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன், உங்களைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடச் சொல்கிறேன் என்றேன்.

"வேணாம் மிஸ். அங்க இப்ப ஒரு அம்மா இருக்குது. என்னைக் கூப்டணும்னா அதை அனுப்புவாங்க. அதுக்கும் ரெண்டு பசங்க." ஒருவருக்குத் தாள்களைக் கொடுத்து அனுப்பிவிட்டு வந்தார். "அப்புறம், அது உங்களாலயும் காணாமப் போவல."

"பின்ன?"

குரலைத் தணித்துக்கொண்டார். "அந்தப் பொண்ணுதான் மிஸ் எடுத்துக்கினு போச்சு. அன்னைக்குக் காலையில கீழ போட்டு அதோட டிஸ்ப்ளே ஒடஞ்சிடுச்சு. எங்கிட்ட வந்து அழுதுச்சு. ஒடச்சின்னா படிச்சது போதும்னு கட்டிக் குடுத்துடுவேன்னு அவங்கப்பா சொல்லி வெச்சிருந்தாராம். நான் கவுத்து வெக்கறேன், யாருக்கும் தெரியாது, சாயந்தரம் பாத்துக்கலாம்னு சொன்னேன். அதுக்குள்ள அது கதவு தொறந்திருக்கறதப் பாத்துட்டு, எடுத்துப் பையில வெச்சிக்கிச்சு. காணாமப் போச்சுன்னா திட்டு தனக்கு வராதுன்னு நெனச்சிருக்கும். எல்லாரு பையும் கொட்டிப் பாத்தாங்க. தொலச்ச பொண்ணு பைய யாரு பாப்பாங்க?"

"அது உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"அது டோக்கன நீட்டும்போது ரேக்கு பக்கம் பாக்கவே இல்ல. தெரிஞ்சிக்கினேன். வீட்டுக்குப் போயி கழனிக் கெணத்துல போட்டுடுச்சாம். ஸ்கூலு முடிச்சதும் இங்க வந்து சொல்லிட்டுப் போச்சு. இப்ப மெட்ராஸ்ல காலேஜு படிக்குது."

"நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்க வேலை போயிருக்காதே அக்கா."

"சொல்லியிருந்தா அது படிப்பு நின்னு போயிருக்கும் மிஸ்."

"உங்க பொண்ணு படிப்பு?"

அது என் வாயிலிருந்து தானாக வந்தது. அவர் மெஷினின் மூடியைத் திறந்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று பார்த்து, மறுபடி மூடினார்.

பதில் கடைக்கு உள்ளேயிருந்து வந்தது. "அதத்தான் நானும் கேட்டேன் மிஸ்."

கம்ப்யூட்டருக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவர் மகள். நான் கவனிக்கவே இல்லை. உயர்ந்திருந்தாள். அரசுப் பள்ளிச் சீருடை. யாருக்கோ மனு டைப் அடித்துக்கொண்டிருந்தவள், கையை நிறுத்தாமலே பேசினாள்.

"எங்கம்மா யாரையும் வுட்டுக் குடுக்க மாட்டாங்க. என்னை மட்டும் வுட்டுக் குடுத்துட்டாங்க."

"சும்மா இரு பாப்பா," என்றார் லேப் அக்கா.

"ரெண்டு வருஷமா சும்மாதான இருக்கறேன்." நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தாள். "பக்கத்துல ஒரு காலேஜுல லேப் வேலைக்கு அம்மாவ எடுத்துக்கறேன்னு சொன்னாங்க மிஸ். அப்புறம் பழைய ஸ்கூலுக்குப் போன் பண்ணிக் கேட்டாங்க. அதோட கூப்டல. இன்னொரு தடவ வேற எடத்துலயும் அப்படித்தான். திருடின ஆளுன்னுதான் அங்க சொல்லிக்கினு இருக்கறாங்க."

எனக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள முயன்றதும் இல்லை.

"நான் போய்ச் சொல்லிடறேன்மா," என்றேன்.

"சொல்றது வேணாம் மிஸ். எழுதிக் குடுங்க." அவள் கம்ப்யூட்டரில் புதுப் பக்கம் ஒன்றைத் திறந்தாள். "நீங்க சொல்லுங்க, நான் அடிக்கிறேன்."

லேப் அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த நேரம் கைக்குழந்தையோடு ஒரு பெண் ஆதார் அட்டையை நீட்டினாள். அவர் அதை வாங்கிக்கொண்டு மெஷினுக்குத் திரும்பினார்.

நான் சொன்னேன். மகள் டைப் அடித்தாள். இன்ன தேதியில், மதிய இடைவேளையில், சார்ஜிங் அறையில் நான் தனியாக இருந்தேன் என்று ஆரம்பித்தேன். "எதுக்கு இருந்தீங்கன்னு போடணும் மிஸ்," என்றாள். அதையும் சொன்னேன். கதவைப் பூட்டாமல் போனது, சாவியை விட்டுவிட்டுப் போனது, விசாரணையின்போது பக்கத்தில் நின்று பேசாமல் இருந்தது. அந்தக் கடைசி விஷயத்தில் எனக்கு வார்த்தை தடுக்கியது. அவள் அவசரப்படுத்தவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். கர்சர் விட்டு விட்டு மின்னியது. 'நான் உண்மையைச் சொல்லவில்லை' என்று கடைசியில் சொன்னேன். அடித்தாள். அவளுக்குப் பிழை வராது. எட்டாவதிலேயே வராது.

அதை நான் பதிவுத் தபாலில் பள்ளிக்கு அனுப்பினேன், அங்கிருந்து பதில் வரவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காலேஜுக்கு ஒரு பிரதியை மகளே எடுத்துக்கொண்டு போனாள். மூன்று மாதம் கழித்து அவருக்கு அங்கே வேலை கொடுத்தார்கள். கெமிஸ்ட்ரி லேபில், பாட்டில் கழுவுகிற வேலை. இதுவும் எனக்குக் கம்ப்யூட்டர் சார் சொல்லித்தான் தெரியும். அவர்கள் இருவரும் எனக்குச் சொல்லவில்லை.

ஆனால் அன்றைக்கு அது ஒன்றும் தெரியாது. மகள் மூன்று பிரதி எடுத்தாள். மூன்றிலும் கையெழுத்துப் போட்டேன். பெயருக்குக் கீழே புதுப் பள்ளியின் முகவரியைப் போடச் சொன்னாள், அதையும் போட்டேன். அவள் ஒன்றை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள்.

"படிம்மா."

அவர் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். மடித்து வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். படிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு வரியாக, உதடு அசைய, அவசரமில்லாமல் படித்தார். மனுவோடு நின்றவர்கள் காத்திருந்தார்கள். கடைசி வரி வரை போய், மறுபடி மேலே இருந்து பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு நெஞ்சில் ஒன்றும் இல்லை. என்ன சொல்வார் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பொண்ணப் பத்தி இதுல எதுவும் போடலியே மிஸ்?"

"இல்லக்கா."

"சரி," என்று தாளை மகளிடம் கொடுத்தார். பிறகு, காத்திருந்த பெரியவரிடம் கையை நீட்டி, "எத்தினி காப்பிங்க வேணும்?" என்று கேட்டார்.